மூன்று தவணை

விடுதிப் படிவத்தின் கடைசிப் பக்கம்.
தந்தை பெயர், ரத்த வகை, சாதிச் சான்று எண்
எல்லாம் நிரப்பிவிட்டேன்.
மிச்சம் ஒரு கட்டம்:
மருந்து, போட்ட தேதி, போட்டவர் கையொப்பம்.

என் தடுப்பூசி அட்டை
வள்ளத்துப் பதிவுத்தாளோடு
ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது.
நான் ஒன்பதாவது படித்த ஐப்பசியில்
கடல் முழங்கால் மட்டம் வீட்டுக்குள் வந்து
இரண்டையும் எடுத்துப் படித்துவிட்டுப் போனது.
வள்ளத்துக்கு நகல் கொடுத்தார்கள்.
எனக்கு மிஞ்சியது
போலியோவில் முதல் எழுத்தும்
நீலமாய்க் கரைந்த ஒரு முத்திரையும்.

மோர்ப்பண்ணையிலிருந்து முதல் பஸ்.
தேவிபட்டினம் ஆஸ்பத்திரியில் டோக்கன் நாற்பத்தொன்று.
நர்ஸ் ஜெசிந்தா என் சுடிதார்க் கையைத் தூக்கி
மேலே இருந்த தழும்பை விரலால் தடவி
"பி.சி.ஜி. இருக்கு" என்று எழுதிக்கொண்டார்.
பெயர் வைக்கும் முன்பே எனக்கு வைத்த புள்ளி.

மற்றதெல்லாம் கேள்வி.

மணல்வாரி வந்ததா?
வந்தது.
அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள்,
மூன்று தண்ணீர் ஊற்றினாள்,
தேதி எழுதவில்லை.

பொன்னுக்கு வீங்கி?
வந்தது.
எங்கள் சங்கிலி எஞ்சின் கடனுக்குப் போயிருந்தது.
மேலவீட்டு உமையாள் கொடுத்த சங்கிலியைப்
போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.
வீக்கம் வடிந்த அன்றே
கழற்றிக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

நர்ஸ் சிரிக்கவில்லை.
"ஞாபகம் சான்று ஆகாதும்மா."
ரத்தத்துக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமாம்,
சோதித்தால் சொல்லுமாம்.
அதற்கு மதுரை போக வேண்டும்.
அந்தக் காசுக்கு ஊசியே போட்டுவிடலாம்.

அப்படித்தான் வந்தது பட்டியல்.
தட்டம்மை, ரூபெல்லா, பொன்னுக்கு வீங்கி மூன்றுக்கும் ஒன்று,
டைபாய்டு, டி.டி.,
மஞ்சள் காமாலைக்கு மூன்று தவணை:
இன்று, அடுத்த மாதம், ஆறாம் மாதம்.

தவணை என்றதும் அண்ணன் நிமிர்ந்தான்.
"ஒண்ணு தள்ளிப்போனா வட்டி உண்டா சிஸ்டர்?"
"வட்டி கிடையாது. போட்டதும் வீணாப் போகாது.
விட்ட இடத்துலருந்து தொடரலாம்."
அப்படி ஒரு கடனை
காளீஸ்வரன் கேள்விப்பட்டதில்லை.

சுவரில் இன்னொரு ஊசிக்குப் படம் ஒட்டியிருந்தது,
கருப்பைவாய்ப் புற்று என்று பெரிய எழுத்தில்.
வாசித்துவிட்டு அவன் மின்விசிறியைப் பார்த்தான்.
நான் டோக்கனை நாலாய் மடித்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
அந்த மின்விசிறியிடமே சொன்னான்:
"அதுவும் வேணும்னா போட்டுக்க.
நண்டு நல்லாத்தான் படுது."

நோட்டை எண்ணிய கையை நர்ஸ் பார்த்துவிட்டார்.
உள்ளங்கையில் கறுத்த ஒரு துளை.
"இது என்ன?"
"கெளுத்தி முள்ளு."
"எப்ப?"
"செவ்வாக்கிழமை."
"கடைசியா டி.டி. எப்பப் போட்ட?"
அவன் விரல் விட்டான்:
திருக்கை அடித்த வருஷம்,
இல்லை, அதற்கு முந்தின வருஷம்,
இல்லை.
"கடலுக்குப் போறதுக்கு
இதெல்லாம் யாரும் எழுதிக் கேக்கல சிஸ்டர்."

உட்காரச் சொன்னார்.
எனக்கு முன்னால் அவனுக்கு.
திருக்கை முள்ளைத்
தன் காலிலிருந்து தானே பிடுங்கியவன்
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு
என் துப்பட்டா நுனியைப் பிடித்திருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு.
இரண்டு இடது கையும் கனத்தன.
ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல்
திருப்பாலைக்குடி வளைவு வரை
கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

கிளம்புகிற அன்று
பெட்டியைத் தூக்கிவர அவனைத் தேடிக் கரைக்குப் போனேன்.
வள்ளத்தின் உட்பலகையில்
நண்டுக் கம்பெனி முன்பணத் தவணைகளுக்குக் கீழே
பெயிண்டில் எழுதியிருந்தான்:
முனீசு ஊசி ஆவணி
முனீசு ஊசி தை

அவனுக்கும் அடுத்த மாதம் ஒன்று உண்டு.
அதை எழுதவில்லை.
டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த பச்சையை
விரலால் வழித்து எழுதினேன்.
அந்தப் பச்சை நகத்தோடுதான்
விடுதிப் பதிவேட்டில்
கையெழுத்துப் போட்டேன்.